கெட்டி ஆயில்

காரிலிருந்து இறங்கிய கண்ணாடிக்காரர் முதலில் தேடியது மெக்கானிக்கை அல்ல, கேமராவை. அது வாசலைப் பார்த்திருப்பதைக் கண்டதும் நைசாகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"ஆயில் மாத்தணும்மா. ஆனா கம்பெனி சொல்ற தண்ணி மாதிரி ஜீரோ ட்வெண்டி ஆயில் வேண்டாம். கெட்டியா, ஃபைவ் ஃபார்ட்டி ஊத்திடுங்க."

சர்வீஸ் சென்டரை நடத்தும் அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன மாதம்தான் கார் கம்பெனி, வாடிக்கையாளர் வேஷத்தில் ஓர் ஆளை அடுத்த தெரு சென்டருக்கு அனுப்பியது. அந்த ஆள் கேட்டாரே என்று அங்கிருந்தவர்கள் வேறு ஆயிலை ஊற்ற, மறுநாளே கம்பெனிக்காரர்கள் வந்து போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கேயும் போர்டு போனால் அக்காவும், தலைமை மெக்கானிக்கான அவள் தம்பியும், கூட வேலை பார்ப்பவர்களும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

"அதெல்லாம் முடியாது சார். புக்குல என்ன போட்டிருக்கோ அதான்."

"தெரியும்மா. நூத்திப் பன்னெண்டாம் பக்கம், கடைசி வரி."

கார் கையேட்டைப் பக்கத்தோடு ஒப்பிக்கும் வாடிக்கையாளரை அக்கா இதுவரை பார்த்ததில்லை. முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு புத்தகம் காருக்குள் இருப்பதே தெரியாது. தம்பியைக் கண்ணாலேயே பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இந்த ஆள் மேல எனக்குச் சந்தேகமா இருக்குடா."

"எனக்கும்தான்க்கா. ஷூவைப் பாரு, பளபளன்னு ஆபீசர் ஷூ. நமக்கு நூல் விட்டுப் பாக்கறாரு."

தம்பி கையைத் துணியில் துடைத்தபடி அவரிடம் போனான். "கெட்டி ஆயில் ஊத்தினா மைலேஜ் குறையும் சார்."

"குறையட்டும்ப்பா. மைலேஜ் காட்டறதுக்குத்தானே அவ்வளவு தண்ணியா போடச் சொல்றாங்க. எனக்கு இன்ஜின் ரொம்ப வருஷம் உழைக்கணும்."

"புக்கை எழுதினவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்?"

கண்ணாடிக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அக்கா தண்ணீர் கொடுத்தாள், இடம் கொடுக்கவில்லை.

"இவ்வளவு ஆசைன்னா வெளி மெக்கானிக்கிட்ட போகலாமே சார்?"

"வாரண்டி போயிடுமேம்மா. இங்கேயே ஊத்திட்டு, பில்லுல மட்டும் ஜீரோ ட்வெண்டின்னு போட்டுடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்."

பொய் பில் வேறா? அக்காவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போடவென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்களா? இரண்டில் ஒன்று போதுமே கடையைச் சாத்த, இந்த மனிதர் இரண்டையும் அல்லவா கேட்கிறார்.

"சார், சுத்தி வளைக்காம கேக்கறேன். நீங்க கம்பெனி ஆளுதானே?"

அவர் முகம் செத்துப்போனது. "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார் மென்று விழுங்கி.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"எங்களுக்கும் நாலும் தெரியும் சார். இந்த சென்டர்ல கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேற ஒரு சொட்டு ஊத்த மாட்டாங்கன்னு மேல போய்ச் சொல்லுங்க. டெஸ்ட்ல நாங்க பாஸ்தானே?" என்றாள் அக்கா.

"எந்த டெஸ்ட்டு?" அவர் நிஜமாகவே திருதிருவென்று விழித்தார். "என்னை யாரும் அனுப்பலைம்மா. நான் இன்ஜின் டிசைன்ல இருக்கேன். எந்த ஆயில் ஊத்தணும்னு அந்தப் புக்குல எழுதினதே நான்தான்."

தம்பிக்குத் தலை சுற்றியது. "அப்புறம் நீங்க எழுதினதை நீங்களே ஏன் சார் வேண்டாங்கறீங்க?"

அவர் அவன் காதருகே குனிந்தார்.

"இது என் சொந்தக் காருப்பா."