கட்டாமைக்குக் கிடைத்த உதவி

வயிறு நிறைய முட்டைகளோடு மேட்டு நிலத்துக்குப் புறப்பட்டது, தரையிலேயே வாழும் ஆமையான ஒரு கட்டாமை. காய்ந்த மண்ணில் குழி தோண்டித்தான் அது முட்டையிடும். ஈரம் பட்டால் முட்டை அழுகிவிடும்.

மேட்டுக்குப் போகிற வழியில் சாரணர் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே தினமும் ஆளுக்கொரு நற்செயல் செய்தே ஆகவேண்டும்.

"ஐயோ பாவம், தண்ணி தேடி அலையுது!" என்று ஒரு சிறுமி ஆமையைத் தூக்கிவந்து குளத்துச் சேற்றில் விட்டாள்.

ஆமை தத்தித் தடுமாறிக் கரையேறி மறுபடியும் நடந்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை, இன்னொருவன் தூக்கிவந்து விட்டான். மூன்று நாளில் பதினேழு பேர் உதவினார்கள். வேண்டாம் என்று சொல்ல ஆமைக்கு ஏது வழி?

நாலாம் நாள் வலி பொறுக்கமாட்டாமல் சேற்றிலேயே முட்டைகளை இட்டது.

"இங்கயா போட்ட? எல்லாம் வீணாப் போயிடுமே அக்கா!" என்று பதறியது தவளை.

அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "நாம தண்ணில விட்டதாலதான் முட்டை போட்டிருக்கு!" என்று குதித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"என்னக்கா சொல்றாங்க?" என்று கேட்டது தவளை.

"அடுத்த வருஷமும் வருவாங்களாம்" என்றது ஆமை.