வெள்ளிக்கிழமைத் தலைவலி

“அந்த மனுசிக்கு என்ன வருத்தமெண்டே பிடிபடேல்லை. பிழை என்னிலதான்,” என்றாள் டாக்டர் லோஜனா.

மலையகத்து ஹட்டன் நகரில் மாதம் ஒருமுறை குடும்ப வைத்தியர்கள் சிலர் கூடி, தங்களைத் திணறடிக்கும் நோயாளிகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். பெயர் சொல்லக்கூடாது, யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

போர் ஓய்ந்து ஏ-நைன் நெடுஞ்சாலை திறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மஸ்கெலியாவில் ஓர் இலவச டிஸ்பென்சரியைத் தனியாகப் பார்த்துக்கொள்பவள் லோஜனா. அன்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வெள்ளிக்கிழமை தவறாமல் தலைவலியோடு வருகிறாள். பிரஷர், கண், இரத்தம் எதிலும் குறையில்லை. திங்கட்கிழமை வேறொருத்தி வயிற்றுவலியோடு, புதன்கிழமை இன்னொருத்தி முழங்கால்வலியோடு. அவர்களிடமும் இதே கதைதான். எதையோ கோட்டை விடுகிறோம் என்ற பயத்தில் லோஜனாவுக்குத் தூக்கமே போய்விட்டது. மாதக் கடைசியில் மூட்டை கட்டிவிடுவது என்று முடிவே செய்திருந்தாள்.

யாரும் மருந்து சொல்லவில்லை. கொத்மலை டாக்டர் செல்லசாமி மட்டும், “தலைவலியப் பத்தி எல்லாம் கேட்டுட்டீங்க. ஏன் உங்ககிட்ட வர்றாங்கன்னு அவங்களையே கேட்டீங்களா?” என்றார்.

லோஜனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால், தங்களுக்கும் இப்படி ஒருவர் உண்டு என்று மற்றவர்கள் சிரித்தபோது பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, டிஸ்பென்சரியில் நோயாளிகள் கூட்டம் கலைந்தபின் வழக்கம்போல் கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தாள் அந்தத் தலைவலிக்காரி, அழகம்மா. லோஜனா பேனாவை மூடி வைத்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. ஏன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னட்ட வாறனீங்கள்?”

அழகம்மா கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“தலைவலியெல்லாம் இல்லைங்க. முன்னால இருந்த டாக்டருங்க எல்லாம் பேச்சுத்தொணைக்கு ஆளில்லாமத்தான் ஊருக்கே போயிட்டாங்க. நீங்களும் போயிடக் கூடாதுன்னு தோட்டத்து லயத்துப் பொம்பளைங்க ஆளுக்கொரு நாள் முறை போட்டிருக்கோம். சும்மா வந்தா வெரட்டிடுவீங்கன்னு சீக்குன்னு சொன்னோம். திங்கக்கெழம காளியாயி, பொதங்கெழம பேச்சியம்மா, வெள்ளிக்கெழம நானு.”

லோஜனா நாற்காலியை அழகம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

“ஞாயித்துக்கெழம எல்லாரும் கூடி உங்களப் பத்திப் பேசுவோம்ங்க. உங்களுக்கு இன்னும் கொணமாகல, தொடர்ந்து போய்ப் பாக்கணும்னுதான் போன வாரமும் முடிவு பண்ணோம்.”