கதவை எதுக்குச் சாத்தினாங்க?

வேலை கேட்டுப் போன இடத்தில் நாம ஒரு கேள்வி கேட்டா தப்பா? நீங்களே சொல்லுங்க.

"தப்புதான்" என்றார் என் வீட்டுக்காரர் உத்தமன்.

மின்வெட்டு வந்ததிலிருந்து அவருடைய பட்டறை வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. மற்ற நாளில் கூலி வேலை கிடைத்தால் போவார். கிடைக்காவிட்டால் எனக்குப் புத்தி சொல்லுவார்.

அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டார்ச் பல்பு கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டு, ஆவடியில் ரயில் இறங்கி, கோவில்பதாகை வரைக்கும் வெயிலில் நடந்து வந்திருந்தேன். தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"ஆபீஸ்ல ஞானம்மாள்னு ஒரு அம்மா. எல்லாத்தையும் விசாரிச்சிட்டு, நீ எதனா கேக்கணுமான்னாங்க. இங்க எத்தினி பொம்பளைங்க வேலை செய்யறாங்கன்னு கேட்டேன்."

"அத்த தெரிஞ்சிகினு நீ இன்னாமே பண்ணப் போற? சரி, அந்தம்மா மூஞ்சி எப்பிடி இருந்தது?"

"எழுதிகினு இருந்த பேனா நின்னுபோச்சி."

"கோவம்."

"அப்புறம், கைக்கொழந்தைய எங்க வுட்டுட்டு வராங்கன்னு கேட்டேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கொழந்த கீதுன்னு வேற சொல்லிட்டியா? அதுக்கு இன்னா பண்ணாங்க?"

"எழுந்து போயி கதவச் சாத்தினாங்க."

"திட்டறதுக்கு."

"திட்டல. எத்தினி மாசம்னு கேட்டாங்க. பத்துன்னேன். என் காகிதத்த எடுத்து, மத்தவங்க காகிதக் கட்டுக்கு அடியில சொருகிட்டாங்க."

"முடிஞ்சிது போ. இனிமே எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான் சொல்லிக்குடுத்தத மட்டும் பேசு."

அதோடு விட்டாரா? சாப்பிடும்போது, "பேனா தானா நின்னுதா, அவங்க நிறுத்தினாங்களா?" குளிக்கப் போனவர் பாதியில் வந்து, "கதவ மெதுவாச் சாத்தினாங்களா, படார்னா?" அந்த அம்மாவை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பத்து நாள். எனக்கே அந்தக் கதவின் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

பதினோராம் நாள் தபால் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேரவும்.

"ஆள் மாறி அனுப்பிட்டாங்க" என்றார். "எதுவா இருந்தா இன்னா, போயி சேர்ந்துடு. வாயத் தொறக்காத. கொழந்தயப் பத்தி மூச்சு வுடாத."

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் அக்காவிடம் குழந்தையைக் கொடுத்தேன். "ஒரு வாரம் பாத்துக்கறேன்டி. அதுக்கு மேல என்னால ஆவாது" என்றார் அவர். வாரம் முடிந்ததும் வேலையை விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஞானம்மாள் என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"குழந்தை எங்கே?"

"பக்கத்து ஊட்ல வுட்டு வந்தேம்மா. இனிமே அதப் பத்திப் பேசவே மாட்டேம்மா."

"அட ராமா. உன்னை எதுக்கு எடுத்தேன்னு நினைச்சே?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"ஐம்பது பொம்பளைங்களுக்கு மேல வேலை செஞ்சா, குழந்தைங்களுக்குத் தனி ரூமும் ஆயாவும் வைக்கணும்னு சட்டம் இருக்கு. அதனாலேயே முதலாளி சரியா ஐம்பதோட நிறுத்தி வெச்சிருந்தார். இப்ப ஊரெல்லாம் கரண்ட் இல்லை, டார்ச் விக்குது. ஆள் எடு, ஆள் எடுன்னு அவசரப்படுத்தினவர் எண்ண மறந்துட்டார். நான் ஞாபகப்படுத்தலை. நீ ஐம்பத்தொண்ணு."

சாத்திய கதவை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"உள்ளே பதினேழு பேர் கைக்குழந்தையை எங்கெங்கேயோ போட்டுட்டு வர்றாங்க. வேலை போயிடும்னு ஒருத்தியும் வாயைத் திறக்கலை. முதலாளியைக் கேட்டா, இங்கே யாருக்குக் குழந்தை இருக்குன்னு என்னையே திருப்பிக் கேட்பார். நீ ஒருத்திதான் கேட்டே. இப்ப நீயும் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்து நிக்கறே."

ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு உன் குழந்தையைத் தூக்கிட்டு வாம்மா. பத்து மணிக்கு முதலாளி வருவார். அப்ப அது அழுதா, தயவுபண்ணி அடக்காதே."