பேர் மட்டும் போதும்

“என் பொண்ணு விலைமதிப்பில்லாதவ. ஆனாலும் வியாபாரின்னா ஒரு விலை சொல்லித்தானே ஆகணும்? அந்த விலை சோபா விற்பனை! இந்த வருஷம் எவன் அதிகமா வித்திருக்கானோ, அவன்தான் மாப்பிள்ளை!”

மரச்சாமான் கடை முதலாளி இப்படி அறிவித்ததும், விற்பனையாளர்கள் மூவரும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள்.

“எனக்குச் சம்மதம்ப்பா. ஆனா அப்புறம் பேச்சு மாறக்கூடாது,” என்றாள் மகள். கடைக் கம்ப்யூட்டர் மொத்தமும் அவள் பொறுப்பு.

“நானா மாறுவேன்? பட்டியலை எடும்மா. பேர் மட்டும் போதும். எண்ணிக்கை தெரிஞ்சா இவனுங்க ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்குவானுங்க.”

அவள் தட்டிக்கொண்டே வாசித்தாள். “செலக்ட் பெயர், ஃப்ரம் விற்பனை, ஆர்டர் பை எண்ணிக்கை டெஸ்க். அதாவது, விற்பனைப் பட்டியல்ல இருந்து பேரை எடு, பெரிய எண்ணுல ஆரம்பிச்சு வரிசையா அடுக்கு.”

மூவரில் வாய்ஜாலம் என்று பேர் வாங்கியவன் மீசையைத் தடவினான். நிற்க வந்தவனைக்கூடப் பேசியே சோபாவில் உட்காரவைத்து, பில்லும் போட்டுவிடுகிற ஆள்.

திரையில் முதலில் வந்தது அரிச்சந்திரன் பெயர். ‘இதுல ஸ்பிரிங் ஆறு மாசத்துல தொங்கிடும் சார்’ என்று உண்மையைச் சொல்லி, வாங்க வந்தவரை வாசல்வரை வழியனுப்பும் புண்ணியவான்.

“இவனா? முதலாளி, சரியாப் பாருங்க!” வாய்ஜாலம் அலறினான்.

“கம்ப்யூட்டர் என்ன இவனுக்கு மாமனா மச்சானா, பொய் சொல்ல? போய் வேலையைப் பாருங்கடா!”

மற்ற இருவரும் முணுமுணுத்தபடி கிடங்குக்குப் போனார்கள். அரிச்சந்திரன் அவள் பக்கம் குனிந்தான். “நான் வித்தது எட்டுதானே? அவன் நூத்திப் பன்னெண்டு!”

“உஷ்! அந்த எண்ணிக்கையை எண்ணா வைக்காம எழுத்தா வச்சிருக்கேன். அகராதியில வார்த்தையை அடுக்குற மாதிரி, முதல் இலக்கத்தைத்தான் முதல்ல பார்க்கும். எட்டு பெரிசா, நூத்திப் பன்னெண்டுல முதல்ல நிக்குற ஒண்ணு பெரிசா?”

“ஐயோ, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“அவருக்கு இதை ஆன் பண்ணவே தெரியாது.”

கல்லாவில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எண்ணிக்கையைக் காட்ட வேண்டாம்னு எதுக்குச் சொன்னேன்னு நினைச்சீங்க, மாப்பிள்ளை? பாக்கி நூத்தி நாலு சோபா. கல்யாணம் முடிஞ்சதும் வித்துக் கழிச்சுடுங்க.”