மிதிங்க, பிடிங்க

மார்ச் ஒன்பது, ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் பிக்கப் வண்டி முன்சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நின்றது. மறுநாள் மனைவி அதில் முழு லோடு ஏற்றி மலையிறங்க வேண்டும். முன் பிரேக் இரண்டையும் அவளே மாற்றிவிட்டாள். அவள் கைவேலை அவ்வளவு சுத்தம். பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கணவன் பெடலை மிதித்துப் பிடிக்க, அவள் அடியில் படுத்துக் குழாயின் திருகைத் திறந்து மூடுவாள். மூடுமுன் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். அவன் மூன்று முறை எடுத்துவிட்டான்.

"பிரேக்க மிதிக்கச் சொன்னா பூவ மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்களே!"

"தண்ணி குடிச்சிட்டு வரேம்மா," என்று முனகிவிட்டு அவன் இறங்கிப் போனான். அது அவள் காதில் விழவில்லை.

தம்ளரோடு திரும்பியபோது அவள் குரல் கேட்டது. "மிதிங்க. பிடிங்க. ம், விடுங்க. அடடா, இப்பத்தான் உங்க கால் சொன்ன பேச்சு கேக்குது!"

வண்டிக்குள் யாரும் இல்லை. பெடல் தரைவரை இறங்கி, அவள் சொல்லுக்குக் காத்திருந்து, நிதானமாக மேலே வந்தது. அவ்வளவு பக்குவமான மிதியை அவன் பார்த்ததில்லை. தம்ளரைப் பிடித்தபடி, வேலை முடியும்வரை வாசற்படியிலேயே நின்றான்.

மறுநாள் வண்டி முழு லோடுடன் மலையிறங்கியது. எட்டு வளைவிலும் பிரேக் பிடித்தது.