கோவல் வீட்டுச் சந்தேகங்கள்

“அந்த வீட்டுக்கா? முப்பத்தெட்டு வருஷமா கரிச்சுக் கொட்டினீங்களே, அந்தக் கோவல் வீட்டுக்கா?”

காரை நிறுத்திய லாமாரை அவர் மனைவி ஜெனீல் வாயைப் பிளந்து பார்த்தாள்.

“ஆமா. ஒரே ஒரு கேள்வி. நேருக்கு நேர் கேட்டுட்டு வந்துடறேன்.”

“இதுக்குத்தான் ஐடஹோவிலேர்ந்து அமெரிக்க எல்லையைத் தாண்டி ரெண்டு நாள் கார்ல உருட்டிக்கிட்டு வந்தீங்களா? நான் என்னமோ கல்யாண நாளுக்கு ஊர் சுத்திக் காட்டப் போறீங்கன்னு நெனச்சேன். நவம்பர் மாசத்துல எவனாவது பொண்டாட்டியை மூஸ் ஜாவுக்குக் கூட்டிட்டு வருவானான்னு அப்பவே யோசிச்சிருக்கணும்!”

இருபது வயதில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபை, மதம் பரப்பும் இரண்டு வருஷ ஊழியத்துக்கு லாமாரை அனுப்பிய கனடா நாட்டு ஊர் இது. கழுத்தில் டை, சட்டையில் பெயர்ப் பட்டை, துணைக்கு இன்னொரு ஊழியப் பையன். வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். திறந்த வேகத்தில் சாத்துவார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது கோவல் தம்பதி மட்டும்தான்.

“அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும், வாரத்துக்கு மூணு நாள், ஜெனீல்! தொண்டை கிழியப் பாடம் எடுத்தேன். எதைச் சொன்னாலும் ஒரு சந்தேகம். நோவா தன் கப்பல்ல மரங்கொத்தியை எங்க கட்டி வெச்சாருன்னு ஒரு நாள். சொர்க்கத்துல பனி பெய்யுமான்னு ஒரு நாள். கடைசியில, ‘மன்னிச்சுக்கோ தம்பி, நாங்க எங்க சர்ச்சிலேயே இருந்துடறோம்’னுட்டாங்க. ரெண்டு வருஷத்துல ஒருத்தரைக்கூட நான் சபையில சேர்க்கலை. இவங்க என்னை வெச்சுப் பொழுதுபோக்கினாங்களா, இல்ல எனக்குத்தான் சொல்லிக் கொடுக்கத் தெரியலையா? அதை மட்டும் தெரிஞ்சுக்கணும்.”

கார் சாவியை எடுக்கக்கூட மறந்து இறங்கினார். கிண்டலடிக்க வாயெடுத்த ஜெனீல், சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கூட நடந்தாள்.

கதவைத் திறந்தது அந்த வீட்டம்மா ஓல்கா கோவலேதான். எண்பத்தாறு வயது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அட, நெட்டைப் பையா! காது ரெண்டும் செவந்து வந்து நிப்பியே, நீதானே? உள்ள வாங்க, உள்ள வாங்க. யாரு, பொண்டாட்டியா? அடேயப்பா, இவனுக்கு இப்படி ஒரு அழகியா!”

ஐந்தே நிமிஷத்தில் வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மேஜைக்கு வந்துவிட்டது. டீ மட்டும் போடவில்லை. மார்மன்காரர்கள் டீ, காபி தொடமாட்டார்கள் என்பது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. சுடுதண்ணீரில் தேன் கலந்து வைத்தாள்.

லாமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கணும்மா. ஆறு மாசம் பாடம் கேட்டீங்க. நான் சொன்னதுல ஒண்ணுகூடவா உங்க மனசுல படலை?”

ஓல்கா மாட்டிக்கொண்டவள் போலச் சிரித்தாள்.

“இத்தனை வருஷம் கழிச்சு வந்து கேக்கறே, பொய் சொல்லக் கூடாது. நாங்க பாடத்தை எங்கப்பா கேட்டோம்? வெளியில மைனஸ் முப்பத்தஞ்சு. நீங்க ரெண்டு பேரும் மெல்லிசா ஒரு ஷூவைப் போட்டுக்கிட்டுத் தெருத் தெருவா அலைஞ்சீங்க. சும்மா வந்து குளிர் காயுங்கன்னு முதல் நாளே சொன்னேன். நீதான், ‘பாடம் கேக்கறவங்க வீட்லதான் உக்காரலாம், சும்மா உக்காரக் கூடாது, அதான் விதி’ன்னு விறைப்பா நின்னே.”

“சொன்னேன்,” என்றார் லாமார்.

“வேணாம்னு சொன்னா எழுந்து போயிடுவீங்க. சரி, சேர்றோம்னு சொன்னாலும் வேலை முடிஞ்சுதுன்னு அடுத்த கதவைத் தட்டப் போயிடுவீங்க. சந்தேகம் கேட்டாத்தானே உக்காருவீங்க? நீங்க வர்றதுக்கு முந்தின நாளெல்லாம் எங்க வீட்டுக்காரர், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பைபிளைப் புரட்டிப் புரட்டிக் கேள்வி தேடுவாரு, பாவம். அந்த மரங்கொத்தி அவரு கண்டுபிடிச்சதுதான். அவரு போயி ஒன்பது வருஷம் ஆச்சு.”

ஜெனீல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். லாமார் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணுதான் எனக்குப் புரியலை தம்பி. உனக்கப்புறம் எத்தனையோ பசங்க வந்தாங்க. எங்க வீட்டை மட்டும் தட்டாமத் தாண்டிப் போயிடுவாங்க. ஜன்னல்லேர்ந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாக்கூட, பதிலுக்குக் கையை ஆட்டிட்டு நடையைக் கட்டிடுவாங்க. நாங்க என்ன தப்பு பண்ணினோமோ!”

லாமாருக்குத் தெரியும். ஊர் மாறிப் போகிற பையன்கள், அடுத்து வருகிறவர்களுக்காக வீடுவாரியாகக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகும் நோட்டு ஒன்று உண்டு.

“தப்பு உங்களுது இல்லைம்மா. நான்தான் நோட்டுல எழுதி வெச்சுட்டுப் போனேன். ‘கோவல் வீடு, வீண் வேலை, தட்ட வேண்டாம்’னு.”

ஓல்கா எழுந்து வந்தாள். அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

“போடா மக்கு! எத்தனை பிள்ளைங்க வெறைச்சுப் போச்சோ!”

லாமார் எழுந்தார். காலையில் இந்த ஊர்ச் சபையில் பார்த்த ஊழியப் பையன்களின் நம்பரைத் தேடிப் போனைப் போட்டார்.

“தம்பி, ஒரு விலாசம் எழுதிக்கோ. பாடம் கேக்க ஒரு அம்மா தயாரா இருக்காங்க.”

ஜெனீல் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷர் அவர்.

“நெஜமாவா பிரதர்!” மறுமுனையில் குரல் துள்ளியது. “ஞானஸ்நானத்துக்கு எப்ப நாள் குறிக்கலாம்?”

“அவசரப்படாதே. அந்த அம்மாவுக்குச் சந்தேகம் ரொம்ப ஜாஸ்தி,” என்றார் லாமார். “எப்படியும் பனி உருகற வரைக்கும் தீராது.”