அனுமதி கொடுத்தவர்

"யாரு அது, பின்னாடி தாடியோட போறது?"

கேட்டவர் ஒரு கிளை மேலாளர். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே அரைக்கால் டிரவுசருமாக உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தின் வீடியோ கூட்டங்களில் தொற்றிக்கொண்ட பழக்கம். வீட்டு மனிதர்களோடு பேசும்போதும் விடவில்லை.

"பக்கத்து ரூம் பையன். சமையல் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான்," என்றது திரை. கடல் தாண்டிய ஊரில் ஒரு மாணவர் விடுதி. மாணவியின் முகத்துக்குப் பின்னால் ஒற்றைக் கட்டில், ஜன்னலில் காயும் காலுறைகள்.

"சேர்ந்தா?" மேலாளர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?"

மனைவி பள்ளிச் சீருடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "சமைக்கத்தானே செய்றாங்க," என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

"அந்த வயசுப் பசங்களோட என்ன சகவாசம்? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? இது என்ன, முடியை வேற வெட்டியாச்சா?"

"இங்க குளிர். தலைக்குக் குளிச்சா காயவே மாட்டேங்குது."

"குளிர்னா தொப்பி போடணும். அதுக்குத்தான் தொப்பின்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க."

மேலாளர் முற்போக்கானவர். இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கக் கல்லூரியில் ஆள் தேர்ந்தெடுத்தபோது, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, போயிட்டு வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் குடியிருப்போர் சங்கத்தில் பெண் விடுதலை பற்றிப் பேச வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. தரைத்தளத்தில் "அனுமதி கொடுத்ததே நான்தான்" என்று ஆரம்பித்தால் ஏழாவது மாடி வரை வரும். விண்ணப்பம் போட்டது, நேர்முகத் தேர்வில் தேறியது, உதவித்தொகை வாங்கியது எல்லாம் திரையில் இருந்த ஆள். அதெல்லாம் சில்லறை விவரம்.

"விஷயத்துக்கு வருவோம்," என்றார், கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குரலில். "கடைசி வாரம் ஒவ்வொருத்தரும் மேடையில பேசணும், இந்தப் பருவத்துல என்ன கத்துக்கிட்டோம்னு சொல்லணும்னியே. நானே தயார் பண்ணிட்டேன். கேளு." தொண்டையைச் செருமினார். "'எனக்குச் சிறகு தந்து, பறக்க வானமும் தந்த ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார்.' இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்து. கை தட்டுவாங்க. தட்டி முடிச்சதும் என் பேரு, அப்புறம் பதவி."

மனைவி சீருடையை முகத்துக்கு நேராகத் தூக்கி, இல்லாத பட்டனைத் தேடினாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நான் வேற ஒண்ணு சொல்லலாம்னு இருக்கேன்," என்றது திரை.

"என்னவாம்?"

"முதல் மாசம் பூரா, தட்டைக் கையில வச்சுக்கிட்டு சுவரோரமா நின்னுட்டிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்னு. யாரும் நிக்கச் சொல்லலை. உடம்புல ஊறிப்போச்சு. இந்தத் தாடிக்காரப் பையன்தான் ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, 'யாருக்காக வெயிட்டிங்?'னு கேட்டான். யோசிச்சுப் பார்த்தேன், பதில் தெரியலை. இப்பல்லாம் பசிச்சா உட்கார்ந்துடறேன்."

மேலாளர் சிரித்தார். மேல் அதிகாரி இல்லாத இடத்தில் மட்டும் சிரிக்கும் சிரிப்பு அது. "இதுக்கா கடல் தாண்டிப் போனது? நாற்காலியில உட்காரக் கத்துக்கவா? தயவுசெஞ்சு மேடையில சொல்லிடாதே. நம்ம வீட்டுல நாற்காலிப் பஞ்சம்னு நினைச்சுக்குவாங்க."

திரை, ஜன்னலில் காய்ந்த காலுறைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தது.

"இங்க பாரும்மா, சனிக்கிழமை பிளேன். ஏர்போர்ட்டுக்கு நானே காரை எடுத்துட்டு வர்றேன். அந்த ஊர்க் காத்தை வாசல்லயே இறக்கி வச்சுட்டு உள்ள வரணும். ஞாயித்துக்கிழமையிலேருந்து வீடு வீடா இருக்கணும். சின்னதுங்களை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர்ற ஆளையும் இந்த மாசத்தோட நிறுத்தியாச்சு."

"அதைத்தான் சொல்ல வந்தேன். இன்னொரு பருவம் இருந்து படிப்பை முடிக்கச் சொல்றாங்க. நானும் சரின்னுட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாச்சு."

மேலாளர் விசுக்கென்று எழுந்தார். கேமராவுக்கு இப்போது முகம் போய், டிரவுசர் மட்டும் தெரிந்தது.

"யாரைக் கேட்டு? அனுமதி குடுத்தவன் ஒருத்தன் இங்க மரம் மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

"நின்னுட்டிருக்கீங்க," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. சங்கத்துல நான் என்ன பதில் சொல்றது? சின்னதுங்களை யார் பார்த்துக்கிறது? கொஞ்சம் சுதந்திரம் குடுத்தா தலைமேல ஏறி உட்கார்ந்தாச்சு. வீட்டு ஆம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை பாரு. வளர்ப்பு சரியில்லை. வேற என்ன சொல்றது?"

திரையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு குரல் வந்தது, கோபமே இல்லாமல்.

"அது என்னவோ உண்மைதான்டா. பெத்ததோட நிறுத்திட்டேன், உன்னைக் கொஞ்சம் வளர்த்தும் இருக்கணும். உன் பிள்ளைங்களை இனிமே நீயே போய்க் கூட்டிட்டு வா, எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு."